விஷத்தைப் பிடிக்கும் துரு!

வீட்டில் துரு என்றால் யாருக்கும் பிடிக்காது. நாலு நாள் அடுப்பில் ஏறாத தோசைக்கல்லில் பழுப்பு படிந்துவிட்டால் இல்லத்தரசி முகம் சுளிக்கிறாள். புளியைப் போட்டுத் தேய்க்கிறாள். மண்வெட்டி துருப்பிடித்தால் விவசாயி வருத்தப்படுகிறார். துரு என்றால் நஷ்டம். அவ்வளவுதான் பலருக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் துருவுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் மனிதனைக் கொல்லும் விஷத்தை அது பிடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்! வங்காளத்துக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தத் துருவை நம்பித்தான் தண்ணீர் குடிக்கின்றன.

இது எப்படி நடக்கிறது? துரு பிடித்த விஷம் எங்கே போகிறது? இவ்வளவு மலிவான மருந்து இருந்தும் மக்கள் ஏன் இன்னும் விஷத்தைக் குடிக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல எண்ணத்தில் வந்த வினை

வங்காள தேசத்திலும் மேற்கு வங்காளத்திலும் குளத்துக்கும் ஆற்றுக்கும் பஞ்சமே கிடையாது. ஒரு காலத்தில் மக்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். குளத்து நீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் வந்தன. குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன.

இதைத் தடுக்க 1970-க்குப் பிறகு அரசாங்கமும், ஐ.நா. குழந்தைகள் நல நிறுவனமும், மற்ற உதவி நிறுவனங்களும் வங்காள தேசத்தில் குழாய்க் கிணறுகளைப் போட்டன. பிறகு மக்களே சொந்தச் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். அடிகுழாயை அடித்தால் தெளிந்த தண்ணீர் கொட்டியது. அதில் கிருமி குறைவு. தாய்மார்கள் மகிழ்ந்தார்கள்.

அந்தத் தெளிந்த தண்ணீருக்குள் ஆர்சனிக் இருந்தது. நாட்டு வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்லும் கொடிய விஷங்களில் வெள்ளைப் பாஷாணம் என்பது இந்த ஆர்சனிக்கிலிருந்து வருவதுதான். அந்த நாளில் குடிநீரைச் சோதித்தவர்கள் ஆர்சனிக்கைத் தேடவில்லை. மண்ணுக்கடியில் அது இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆர்சனிக்குக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ருசியும் இல்லை. குடித்தவுடன் எதுவும் தெரியாது. ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அது வேலையைக் காட்டும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, மருக்கள்போல் முடிச்சு முடிச்சாக ஆகும். சிலருக்குத் தோலிலும், நுரையீரலிலும், மூத்திரப்பையிலும் புற்றுநோய் வரும்.

1983-ல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உடம்பில் இந்தப் புள்ளிகளைக் கண்டார். இது பாஷாணத்தின் வேலை என்றும், அது குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலிருந்து வருகிறது என்றும் தெரிந்தது. பிறகு யாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் திபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகப் போய்த் தண்ணீரைச் சோதித்தார். வங்காள தேசத்துக் கிணறுகளில் 1993-ல் விஷம் கண்டுபிடிக்கப்பட்டது.

வங்காள தேசத்தில் மட்டும் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருக்கலாம் என்று 2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வந்த கட்டுரை கணக்குச் சொன்னது. சரித்திரத்தில் இவ்வளவு பேர் ஒரே விஷத்துக்கு ஆளானது இல்லை என்றும் அது சொன்னது.

உடம்பு வேதனை ஒரு பக்கம். ஊர்ப் பேச்சு இன்னொரு பக்கம். புள்ளி விழுந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள மாப்பிள்ளை வருவதில்லை. "குஷ்டம் வந்துவிட்டது" என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். இது தொற்று நோய் அல்ல. குடித்த தண்ணீரின் குற்றத்துக்குக் குடித்தவள் தண்டனை அனுபவிக்கிறாள்!

கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது! கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய தண்ணீரில் விஷம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

துணியில் வடிகட்டினாலும் போகாது. ஒரு செம்பு தண்ணீரில் உப்பைக் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் உப்பு நிற்குமா? நிற்காது. தண்ணீரோடு தண்ணீராய் ஓடிவிடும். கரைந்த ஆர்சனிக்கும், ஈயமும், காட்மியமும் அப்படித்தான்.

அளவும் மிகச் சிறியது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வரம்பு கட்டியது. 10 லட்சம் லிட்டர் தண்ணீரில் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய ஏற்றத் தொட்டி நிறைய உள்ள தண்ணீரில் ஒரு பிடி கூட இல்லாத விஷம்! அதைத் தேடிப் பிடிப்பது எப்படி? சல்லடை உதவாது. ஒட்டவைத்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் துரு வருகிறது.

துருவின் கைகள்

இரும்பும் பிராணவாயுவும் தண்ணீரும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. ஓர் உலோகம் பிராணவாயுவோடு சேர்ந்தால் அதை ஆக்சைடு என்பார்கள். துரு இரும்பின் ஆக்சைடு. அலுமினியத்துக்கும், மாங்கனீசுக்கும் ஆக்சைடுகள் உண்டு.

துருத்துகள் ஒன்றைப் பல லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால், அதன் மேல்பரப்பு முழுவதும் சின்னஞ்சிறு இருக்கைகள் இருப்பதுபோல் தெரியும். ஒவ்வொரு இருக்கையிலும் பிராணவாயுவும் ஹைட்ரஜனும் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் கரைந்த ஆர்சனிக் பக்கத்தில் வந்தால், அந்த ஜோடி எழுந்து தண்ணீருக்குள் போய்விடும். ஆர்சனிக் அந்த இடத்தில் உட்காரும். சும்மா உட்காராது. கூடவே இருக்கும் பிராணவாயுவைக் கையாக நீட்டி இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் எளிதில் எழுந்திருக்காது.

இருக்கை அதிகம் இருந்தால் பிடிபடும் விஷமும் அதிகம். கட்டி வெல்லம் மெதுவாகக் கரைகிறது. பொடித்த வெல்லம் சட்டென்று கரைகிறது. பொடித்தால் தண்ணீர் படும் பரப்பு கூடுவதே காரணம். துருவும் அப்படித்தான். மிகமிக நுண்ணிய புதுத் துரு ஒரு கிராம் எடுத்து, அதன் துகள்களின் மேல்பரப்பையெல்லாம் கூட்டினால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு சிட்டிகைத் துருவுக்குள் ஒரு வீட்டுமனை!

ஈயமும் காட்மியமும்

ஆர்சனிக்கை முழு உலோகம் என்று விஞ்ஞானிகள் சொல்வதில்லை. ஆனால் தண்ணீரைக் கெடுக்கும் கன உலோகங்களின் கூட்டத்தில் அதையும் சேர்த்தே பேசுவார்கள். ஈயம், காட்மியம், செம்பு போன்ற உலோகங்களையும் ஆக்சைடுகள் பிடிக்கும். பிடிக்கும் விதம் கொஞ்சம் வேறு. இவை வரும்போது ஜோடியில் ஹைட்ரஜன் மட்டும் விலகிக்கொள்ளும். அந்த இடத்தில் உலோகம் பிராணவாயுவோடு கை கோத்துக்கொள்ளும்.

இங்கே தண்ணீரின் குணத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் புளிப்பு, அதாவது அமிலம், அதிகமானால் ஹைட்ரஜன் கூட்டம் பெருகிவிடும். அவையே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈயமும் காட்மியமும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆர்சனிக்குக்கு இது தலைகீழ். தண்ணீரில் காரத்தன்மை ஏறினால்தான் அது இருக்கையை விட்டு எழுந்திருக்கும். ஆகவே ஓர் ஊர்த் தண்ணீருக்குப் பொருந்திய வடிகலம் இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பாஸ்பேட் என்ற உப்பு ஆர்சனிக்கின் இரட்டைப் பிள்ளைபோல இருக்கும். துருவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் பாஸ்பேட் மிகுந்திருந்தால், அது முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும்.

ஆர்சனிக்குக்கு இரண்டு வேடங்களும் உண்டு. ஒரு வேடத்தில் மின்னேற்றம் இருக்கும். துருவிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு வேடத்தில் மின்னேற்றம் இராது, நழுவப் பார்க்கும். காற்றுப் படாத ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் இந்த நழுவும் வேடம்தான் அதிகம். அதைத் திருத்த மாங்கனீசு ஆக்சைடு உதவுகிறது. டார்ச் விளக்கின் பழைய மாதிரிச் செல்லுக்குள் இருக்கும் கறுப்புப் பொடிதான் அது. அது ஆர்சனிக்கின் வேடத்தை மாற்றும். துரு பிடித்துக்கொள்ளும். ஒருவர் விரட்ட, ஒருவர் பிடிக்கிற கதை!

திருடனும் காவலாளியும்

வங்காளத்து நிலத்தடியில் இவ்வளவு ஆர்சனிக் எப்படி வந்தது? இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அதையும் துருவே கொண்டுவந்தது!

ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரித்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. மணல் பரலின்மேல் துருப்பூச்சு இருந்தது. அந்தத் துரு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்தது. அந்த மணலோடு இலை தழைகளும் புதைந்தன. நிலத்தடியில் காற்று இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் இலை தழைகளைத் தின்றன. மூச்சுவிடப் பிராணவாயு இல்லாததால் துருவைப் பயன்படுத்திக்கொண்டன. துரு கரைந்தது. அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் தண்ணீரில் இறங்கியது.

வங்காளத்து அடிகுழாய்த் தண்ணீரை இரவில் குடத்தில் பிடித்து வைத்தால், பல இடங்களில் காலையில் பழுப்பு வண்டல் படிந்திருக்கும். காற்றுப் பட்டதும், கரைந்திருந்த இரும்பு மறுபடியும் துருவாகிறது. கொஞ்சம் ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காருகிறது. மண்ணுக்கடியில் விட்டதைக் குடத்துக்குள் பிடிக்கிறது! ஆனால் இது போதாது. விஷத்தில் ஒரு பங்குதான் இப்படிப் போகும். மீதியைப் பிடிக்கக் கூடுதல் துரு வேண்டும்.

துருவின் இந்தக் குணம் நேற்றுக் கண்டதல்ல. 1834-ல் ஜெர்மனியில் ராபர்ட் புன்சன் என்ற இளம் விஞ்ஞானியும், பெர்த்தோல்ட் என்ற மருத்துவரும் இதைக் கண்டார்கள். பள்ளிக்கூட ஆய்வு சாலைகளில் எரியும் புன்சன் விளக்குக்குப் பெயர் தந்தவர் அவரேதான். பாஷாணம் உண்டவருக்கு, புதிதாகச் செய்த ஈரத் துருவைக் கொடுத்தால் விஷம் முறியும் என்று அவர்கள் சொன்னார்கள்.

இரண்டு வாளி, ஒரு பரிசு

வங்காள தேசத்தில் குஷ்டியா என்ற ஊரைச் சேர்ந்தவர் அபுல் ஹுஸ்ஸாம். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். ஊர்த் தண்ணீரில் விஷம் என்று கேட்டதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. சகோதரர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். 'சோனோ' என்ற வடிகலம் பிறந்தது.

அதில் இருப்பவை என்ன? ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள். மேல் வாளியில் ஆற்று மணலும், பக்குவப்படுத்திய இரும்புத் துண்டுகளும். கீழ் வாளியில் மணலும், அடுப்புக்கரியும், செங்கல் சல்லியும். அவ்வளவுதான்! மின்சாரம் வேண்டாம். தண்ணீர் பட்டுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. புதுப்புது இருக்கைகள் உண்டாகின்றன. ஆர்சனிக் மாட்டிக்கொள்கிறது. மணல், துருத்துகள் வெளியே வராமல் தடுக்கிறது.

2007-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி இதற்குக் கிரெய்ஞ்சர் தங்கப் பரிசை வழங்கியது. பரிசுத்தொகை 10 லட்சம் டாலர்! அதில் பெரும் பங்கை இந்த வடிகலங்களை ஏழை மக்களுக்குக் கொடுக்கவே ஹுஸ்ஸாம் ஒதுக்கினார்.

அதே போட்டியில் வெள்ளிப் பரிசும் வங்காளத்துக்குச் செய்த வேலைக்கே கிடைத்தது. லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும் மற்றவர்களும் மேற்கு வங்காளத்தில் ஊர்ப் பொதுக் கிணற்றோடு சேர்த்துப் பெரிய வடிகலங்களை அமைத்தார்கள். அவற்றில் வேலை செய்தது அலுமினியத்தின் ஆக்சைடு. இருக்கைகள் நிரம்பியதும் காரக் கரைசலால் கழுவினால் விஷம் இறங்கிவிடும். அதே ஆக்சைடை மறுபடியும் பயன்படுத்தலாம்.

சென்னையிலும் இதற்காக ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் இரும்பு ஆக்சைடின் மிகமிக நுண்ணிய துகள்களைச் செய்தார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாமலும், தண்ணீரோடு போய்விடாமலும் இருக்க வேண்டுமே! அதற்கு இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசன் என்ற பொருளைக் கூண்டுபோல் அமைத்தார்கள். இந்த முறைக்கு 'அம்ருத்' என்று பெயர். மேற்கு வங்காளத்திலும் வேறு மாநிலங்களிலும் இது பயன்பாட்டுக்கு வந்தது. 2020-ல் பிரதீப்புக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எங்கே தவறுகிறது?

விஞ்ஞானம் வழி காட்டிவிட்டது. பொருளும் மலிவு. அப்படியானால் துன்பம் தீர்ந்திருக்க வேண்டாமா? தீரவில்லை. வங்காள தேசத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் அரசாங்கம் வைத்த வரம்புக்கு மேல் ஆர்சனிக் உள்ள தண்ணீரைக் குடித்து வந்ததாக 2016-ல் வந்த மனித உரிமை அறிக்கை ஒன்று கூறியது.

காரணம் துருவில் இல்லை. மனிதரிடம் இருக்கிறது.

இருக்கைகள் நிரம்பிவிட்டால் துருவால் மேலும் பிடிக்க முடியாது. அதற்குப் பிறகு வடிகலத்தில் ஊற்றிய விஷம் அப்படியே கீழே இறங்கும். தண்ணீர் முன்போலவே பளிங்குபோல் தெரியும். நிறத்திலும் ருசியிலும் மாற்றம் இராது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். "வடிகட்டிய தண்ணீர்" என்று நம்பித் தாய் குழந்தைக்குக் கொடுப்பாள். வடிகலம் இல்லாத வீட்டிலாவது பயம் இருக்கும். கெட்டுப்போன வடிகலம் உள்ள வீட்டில் அந்தப் பயமும் போய்விடுகிறது!

இது வீண் பயம் அல்ல. மேற்கு வங்காளத்தில் ஒரு வட்டாரத்தில் வைத்த ஏறத்தாழ 20 பெரிய வடிகலங்களைத் திபங்கர் சக்ரவர்த்தியின் குழுவினர் 2 ஆண்டுகள் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுகூட உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் தொடர்ந்து நிற்கவில்லை. வைக்கப் பணம் இருந்தது. திறந்து வைக்க விழா இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை!

பிடித்த விஷம் எங்கே போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. அது மறைந்துவிடவில்லை. துருவிலேயே இருக்கிறது. அந்தத் துருவைக் குளத்தில் கொட்டினால், காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மறுபடியும் கரைத்துவிடும். மண்ணுக்கடியில் நடந்த கதை குளத்தில் நடக்கும். சென்குப்தா குழுவினர் கழிவைக் காற்றுப் படும்படியான மணற் படுகையில் வைத்துக் காத்தது இதனால்தான். காற்றுப் பட்டுக்கொண்டிருந்தால் துரு துருவாகவே இருக்கும். விஷம் வெளியே வராது.

என்ன செய்யவேண்டும்?

முதல் வேலை சோதனை. வங்காள தேசத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். விஷம் உள்ள குழாய்க்குச் சிவப்பு வர்ணம். நல்ல குழாய்க்குப் பச்சை வர்ணம். எழுத்துத் தெரியாதவருக்கும் இது புரிந்தது. ஏறத்தாழ 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. சிவப்புக் குழாயை விட்டுப் பச்சைக் குழாய்க்கு நடந்த பெண்கள் ஏராளம். ஆனால் வர்ணம் மங்கியது. புதுக் கிணறுகள் தோன்றின. சோதனை மட்டும் அதே வேகத்தில் தொடரவில்லை. இது ஒரு தடவை செய்து முடிக்கும் வேலை அல்ல. அம்மை ஊசிபோல் ஒருமுறை குத்திவிட்டு மறக்க முடியாது. சமையலைப்போல் நாள்தோறும் நடக்கவேண்டிய வேலை இது.

இரண்டாவது வேலை பொறுப்பு. வடிகலம் வாங்கும் பணத்தோடு, அதைச் சோதிக்கவும், மருந்தை மாற்றவும், கழிவைக் காக்கவும் வேண்டிய பணத்தையும் சேர்த்தே அரசாங்கங்கள் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் அதற்கென்று ஓர் ஆளைப் பழக்கிச் சம்பளம் கொடுக்க வேண்டும். சோதனை முடிவை, ஊரார் எல்லோரும் பார்க்கும்படி வடிகலத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

மூன்றாவது, மூட நம்பிக்கை வேண்டாம். துரு நல்லது என்று கேள்விப்பட்டு யாரும் வீட்டுப் பானையில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுவிடக் கூடாது! எவ்வளவு இரும்பு, எவ்வளவு மணல், எவ்வளவு நேரம் என்ற கணக்கு இதில் உண்டு. கணக்குப் பார்த்துச் செய்து, சோதித்த பிறகே குடிக்க வேண்டும்.

துரு ஏழையின் பொருள். விலை இல்லாதது. வீதியில் கிடப்பது. அது தன் கடமையைத் தவறாமல் செய்கிறது. இருக்கை உள்ளவரை விஷத்தைப் பிடிக்கிறது. இருக்கை நிரம்பிவிட்டதா என்று போய்ப் பார்ப்பது மட்டும் மனிதனின் வேலை. அந்தச் சிறு வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் ஒரு குழந்தை விஷம் குடிக்குமானால், அந்தப் பழி தண்ணீரைச் சேராது. பார்க்காமல் இருந்தவர்களையே சேரும்.